கடைமடை உறுப்பினருக்கும் குரல் எட்டுகிறதா? தொண்டு அமைப்புகளுக்கு ஏற்ற இணையவழிக் கூட்டச் செயலிகளும் கைப்பேசிக் கருவிகளும்

ஆற்றுப் பாசனம் ஒழுங்காக நடக்கிறதா என்பதைத் தலைமடையில் நின்று பார்த்துச் சொல்ல முடியாது. கடைமடையில் இருக்கும் கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தால்தான் தெரியும். விவசாயிகளுக்காக வேலை செய்யும் தொண்டு அமைப்புகள், கூட்டம் நடத்தவும் தகவல் பரிமாறவும் செயலிகளைத் தேர்வு செய்யும்போதும் இதே அளவுகோலைத்தான் கையில் எடுக்க வேண்டும்.

2020-ம் ஆண்டு ஊரடங்கின்போது வேறு வழியில்லாமல் தொடங்கிய பழக்கம் இது. இப்போது கண்மாய்ப் பாசன விவசாயிகளை ஒருங்கிணைக்கும் அமைப்புகள், இயற்கை விவசாயிகள் கூட்டமைப்புகள், மகளிர் விதை வங்கிகள் எனப் பல இடங்களிலும் நிரந்தரமாகிவிட்டது. அலுவலகம் மாவட்டத் தலைநகரில் இருக்கும். கணக்காளர் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பார். தொழில்நுட்ப ஆலோசகர் கோயம்புத்தூரில் இருப்பார். களப்பணியாளர்கள் ஒன்றியத்துக்கு ஒருவராகப் பிரிந்து இருப்பார்கள். ஒரு மணி நேரக் கூட்டத்துக்காக எல்லோரும் பஸ் ஏறி வந்தால், ஒரு நாள் வேலையும் பயணச் செலவும் போய்விடும். ஆகவே, கைப்பேசியில் கூடுவது நல்ல வழிதான்.

ஆனால், கருவியைத் தவறாகத் தேர்வு செய்தால் நஷ்டம் சிறியதல்ல. சுழல்நிதியில் யாருக்குக் கடன் கொடுப்பது, எந்த மடையை முதலில் சீரமைப்பது, விதை நெல்லுக்கு என்ன விலை வைப்பது போன்ற முடிவுகள் சிக்னல் கிடைத்த நான்கு பேர் மத்தியிலேயே முடிந்துவிடும். மற்றவர்கள் மறுநாள் கேள்விப்படுவார்கள். ‘எங்களைக் கேட்காமலே முடிவு பண்ணிட்டாங்க’ என்ற பேச்சு ஒருமுறை ஊருக்குள் வந்துவிட்டால், சந்தா வசூலும் கடன் திருப்பமும் தளர்ந்துபோகும். பல ஆண்டுகள் வயல் வரப்பில் நடந்து சம்பாதித்த நம்பிக்கையை ஒரு செயலி கெடுத்துவிடக் கூடாது.

முதலில் வேலையைப் பிரியுங்கள்

‘எந்தச் செயலி நல்லது?’ என்பதுதான் வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. ‘எந்த வேலைக்கு?’ என்ற எதிர்க்கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகே அதற்கு விடை சொல்ல முடியும். களைக்கொல்லி அடித்த தெளிப்பானிலேயே பூச்சிமருந்தையும் அடித்தால் பயிர் கருகும் என்பது எல்லோருக்கும் தெரியும். கைப்பேசிக் கருவிகளிலும் ஒன்றை வைத்து எல்லாவற்றையும் செய்யப் பார்ப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு தொண்டு அமைப்பின் தகவல் வேலைகளை நான்காகப் பிரிக்கலாம்.

1. கூடிப் பேசி முடிவெடுப்பது: நிர்வாகக் குழுக் கூட்டம், ஊழியர் ஆய்வுக் கூட்டம்.

2. அன்றாடத் தகவல்: யார் எந்த ஊருக்குப் போகிறார்கள், நாற்று எப்போது வருகிறது போன்றவை.

3. களத்திலிருந்து படமும் விவரமும் வாங்குவது: பூச்சி, நோய் படங்கள், பரப்பளவு, மகசூல், பயனாளிகள் கணக்கு.

4. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான விவசாயிகளுக்குத் தகவல் சொல்வது: மழை எச்சரிக்கை, விதை வழங்கும் தேதி, பூச்சித் தாக்குதல் முன்னறிவிப்பு.

முதல் வேலைக்கு நேரலைக் கூட்டம் வேண்டும். இரண்டாவதற்குக் குழுச் செய்தியே போதும். மூன்றாவதற்கு இணையம் இல்லாத இடத்திலும் வேலை செய்யும் படிவம் வேண்டும். நான்காவதற்குப் பட்டன் போனிலும் கேட்கும் குரல் வேண்டும்.

அடுத்தது, உறுப்பினர் கணக்கெடுப்பு

மண் பரிசோதனை செய்யாமல் உரம் போடுவது போன்றதுதான், உறுப்பினர்களிடம் கேட்காமல் செயலி தேர்வு செய்வதும். ஒரு தாளில் ஆறு கேள்விகளை எழுதி, ஒவ்வோர் உறுப்பினரிடமும் களப்பணியாளரிடமும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஸ்மார்ட்போனா, பட்டன் போனா? போன் யார் கையில் இருக்கிறது? சிக்னல் வீட்டுக்குள் கிடைக்கிறதா, மொட்டை மாடிக்கோ தெருமுனைக்கோ போக வேண்டுமா? தினமும் எவ்வளவு டேட்டா ரீசார்ஜ் போடுகிறார்கள்? தமிழில் வரும் செய்தியை வாசிக்க முடிகிறதா, குரல் பதிவு வேண்டுமா? எந்த நேரம் கை ஓய்வாக இருக்கும்?

இவற்றில் ‘போன் யார் கையில்?’ என்ற கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். உறுப்பினர் பட்டியலில் அம்மாவின் பெயருக்கு எதிரே இருக்கும் எண் மகனுடையதாக இருக்கும். மகன் கல்லூரிக்கோ வேலைக்கோ போனால், இரவு வரை அந்த எண்ணுக்கு அனுப்பும் எந்தத் தகவலும் அம்மாவுக்குப் போகாது. அதேபோல, காலை 11 மணி அலுவலகத்துக்கு வசதியான நேரம். நடவு வயலில் இருப்பவருக்கோ, 100 நாள் வேலைக்குப் போனவருக்கோ அது வசதியான நேரமல்ல. காலையும் மாலையும் பால் கறக்கும் நேரத்தில் மாடு வைத்திருப்பவர்களைக் கூட்டத்துக்கு அழைப்பதும் வீண்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். நிர்வாகக் குழுவில் 12 பேர் என்று வைத்துக்கொள்வோம். 7 பேரிடம் ஸ்மார்ட்போன் இருக்கிறது. 3 பேரிடம் பட்டன் போன். மீதி 2 பேர் மகன் போனை நம்பி இருப்பவர்கள். இந்தக் குழுவுக்குக் காணொலிக் கூட்டம் மட்டும்தான் என்று முடிவு செய்தால், கூட்டம் தொடங்கும் முன்பே 5 பேர் வெளியே நின்றுவிடுகிறார்கள். அந்த 5 பேரும் பெரும்பாலும் வயதானவர்களாகவும், பெண்களாகவும், குறைந்த நிலம் உள்ளவர்களாகவும் இருப்பார்கள். அமைப்பு யாருக்காகத் தொடங்கப்பட்டதோ, அவர்களே விடுபடுகிறார்கள்.

டேட்டா கணக்கு தெரியுமா?

காணொலிக் கூட்டம் பாதியில் அறுந்துபோவதற்கு முக்கியமான காரணம், எல்லோரும் கேமராவைத் திறந்து வைப்பதுதான். ஜூம் போன்ற செயலிகளில் குரலுக்கு மட்டும் நொடிக்குச் சுமார் 60 முதல் 80 கிலோபிட் வேகம் போதும். ஒரு மணி நேரம் பேசினாலும், போவதும் வருவதும் சேர்த்து 100 எம்.பி.க்குள் முடிந்துவிடும். கேமராவைத் திறந்தால், நல்ல தரத்தில் அரை ஜி.பி.யைத் தாண்டும். தினமும் 1.5 ஜி.பி. ரீசார்ஜ் போட்டிருக்கும் களப்பணியாளருக்கு ஒரே கூட்டத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு வயலிலிருந்து படம் அனுப்ப டேட்டா இருக்காது.

முகம் காட்டாமல், வரவு செலவுத் தாளையோ, வரைபடத்தையோ திரையில் பகிர்வதற்கு அதிக டேட்டா செலவாகாது. எனவே, கூட்டம் தொடங்கும்போது ஒரு நிமிடம் எல்லோரும் முகம் காட்டி வணக்கம் சொல்லட்டும். பிறகு பேசுபவர் தவிர மற்றவர்கள் கேமராவையும் மைக்கையும் அணைத்துவிடலாம். சிக்னல் குறைவான ஊர்களில் இந்த ஒரு பழக்கமே பாதிப் பிரச்னையைத் தீர்த்துவிடும்.

எந்தச் செயலியில் என்ன வசதி?

ஜூம்: இலவசத் திட்டத்தில் 100 பேர் வரை சேரலாம். ஒரு கூட்டத்துக்கு 40 நிமிடம்தான் அனுமதி. அதன் பிறகு துண்டிக்கப்படும். மீண்டும் சேர்ந்து தொடரலாம். சிக்னல் ஏறி இறங்கினாலும் ஓரளவு தாங்கும். ஆனால், செயலியைத் தனியாக இறக்கி நிறுவ வேண்டியிருப்பது புதியவர்களுக்குச் சிரமம்.

கூகுள் மீட்: இலவசத்தில் 100 பேர், 60 நிமிடம். ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் பலரிடம் ஜிமெயில் கணக்கு ஏற்கெனவே இருப்பதால், இணைப்பைத் தொட்டவுடன் சேர்ந்துவிட முடியும். களப்பணியாளர் கூட்டத்துக்கு நல்ல தேர்வு.

மைக்ரோசாஃப்ட் டீம்ஸ்: இலவசத்தில் 100 பேர், 60 நிமிடம். அலுவலகத்தில் ஏற்கெனவே அந்த நிறுவனத்தின் மென்பொருள்களைப் பயன்படுத்துபவர்களுக்குப் பொருந்தும். சாதாரண விலையுள்ள போன்களில் கொஞ்சம் கனமாக இருக்கும்.

ஜிட்சி மீட்: திறந்தமூல மென்பொருள். கட்டணம் இல்லை. கூட்டத்தைத் தொடங்குபவர் மட்டும் ஒரு கணக்கின் மூலம் உள்நுழைய வேண்டும். மற்றவர்கள் இணைப்பைத் தொட்டுச் சேரலாம். தொழில்நுட்பம் தெரிந்த தன்னார்வலர் இருந்தால் அமைப்பின் சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். அப்போது பேச்சும் பதிவும் அமைப்பின் கட்டுப்பாட்டில் இருக்கும்.

வாட்ஸ்அப் குழு அழைப்பு: 32 பேர் வரை சேரலாம். புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பதுதான் இதன் பலம். 12 முதல் 15 பேர் கொண்ட நிர்வாகக் குழுவுக்குக் குரல் அழைப்பாகவே நடத்தினால் போதுமானது. பெரிய பயிற்சிக்கு ஏற்றதல்ல.

இந்த வரம்புகளை நிறுவனங்கள் அவ்வப்போது மாற்றுகின்றன. முக்கியமான கூட்டத்துக்கு முந்தைய நாள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. 40 நிமிட வரம்பைக் குறையாக நினைக்க வேண்டியதுமில்லை. மூன்று பொருள்களை மட்டும் வைத்து 40 நிமிடத்தில் முடிக்கும் கூட்டத்துக்கு, இரண்டு மணி நேரக் கூட்டத்தைவிட அதிகம் பேர் கடைசி வரை இருப்பார்கள்.

பதிவு பெற்ற அறக்கட்டளைகள், சங்கங்கள், லாப நோக்கமற்ற நிறுவனங்களுக்கு கூகுளும் மைக்ரோசாஃப்டும் தனித் திட்டங்கள் வைத்திருக்கின்றன. பதிவுச் சான்றிதழ் உள்ளிட்ட ஆவணங்களைக் கொடுத்து விண்ணப்பித்தால், சரிபார்த்த பிறகு சில சேவைகளை இலவசமாகவும் சிலவற்றைச் சலுகை விலையிலும் தருகிறார்கள். கட்டணம் கட்டும் முன்பு இதை முயன்று பார்க்க வேண்டும்.

பட்டன் போனை மறக்காதீர்கள்

இணையம் ஊருக்கு வராத காலத்திலேயே இந்தப் பிரச்னைக்கு நம் பகுதியில் தீர்வு கண்டிருக்கிறார்கள். 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் இருந்த மையத்திலிருந்து மற்ற கிராமங்களுக்கு வயர்லெஸ் மூலம் தகவல் போகும். வீராம்பட்டினத்தில், கடல் அலை உயர முன்னறிவிப்பை இணையத்திலிருந்து எடுத்து, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு அறிவித்தார்கள். கணினி ஒன்றுதான். ஆனால், செய்தி கடற்கரை முழுக்கக் கேட்டது. 2004-ல் இதே நிறுவனத்துடன் இணைந்து இஸ்ரோ, செயற்கைக்கோள் வழியாகக் காணொலிக் கலந்தாய்வு நடத்தும் கிராம வள மையங்களைத் தமிழ்நாட்டில் தொடங்கியது. தனித்தனி போன் இல்லாத விவசாயிகள் மையத்தில் கூடி, தொலைவில் இருந்த வல்லுநரிடம் நேருக்கு நேர் கேள்வி கேட்டார்கள்.

குஜராத்தில் ‘அவாஜ் ஒட்டலோ’ என்ற சேவையில் விவசாயிகள் சாதாரண போனிலிருந்து அழைத்துத் தங்கள் கேள்வியைத் தாய்மொழியில் பதிவு செய்தார்கள். வல்லுநர்களும் சக விவசாயிகளும் சொன்ன பதிலைத் திரும்ப அழைத்துக் கேட்டார்கள். சத்தீஸ்கரில் 2010-ல் தொடங்கிய ‘சிஜிநெட் ஸ்வரா’வும் குரல்வழிச் சேவைதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பட்டன் போனில் செய்தி சொல்லவும் கேட்கவும் முடிந்தது.

இவற்றிலிருந்து தொண்டு அமைப்புகள் எடுத்துக்கொள்ள வேண்டிய வழிகள் மூன்று.

ஒன்று, குரல் கலந்தாய்வு. சாதாரண போனிலேயே ஒருவர் மற்றவர்களை ஒவ்வொருவராக அழைத்து இணைக்கலாம். பெரும்பாலான போன்களில் ஐந்து பேர் வரை இப்படிச் சேர்க்க முடியும். அதற்கு மேல் தேவை என்றால், தொலைபேசிக் கலந்தாய்வுச் சேவை தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. குறித்த நேரத்தில் சேவை நிறுவனமே எல்லோருடைய எண்ணுக்கும் அழைக்கும். விவசாயி போனை எடுத்தால் போதும். தமிழ்நாட்டில் பயிர் ஆலோசனைக்கு இந்த முறை ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது.

இரண்டு, கூட்டுக் கேட்பு. ஊருக்கு ஒரு ஸ்மார்ட்போன், ஒரு சிறிய ஒலிபெருக்கி, மரத்தடியில் ஐந்தாறு பேர். காணொலிக் கூட்டத்தில் ஓர் இணைப்புதான் தெரியும். ஆனால், கலந்துகொள்பவர்கள் ஆறு பேர். வருகைப் பதிவில் ஆறு பெயர்களையும் எழுத வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

மூன்று, கலப்பு முறை. 7 பேர் மீட்டில் இருக்கும்போது, அலுவலகத்தில் இருப்பவர் இன்னொரு போனில் பட்டன் போன்காரர்கள் மூவரையும் இணைத்து, ஸ்பீக்கரில் போட்டுக் கணினி அருகே வைத்துவிடலாம். பார்க்க எளிமையாக இருந்தாலும் நன்றாகவே வேலை செய்யும்.

படம் எடுப்பதிலும் பக்குவம் வேண்டும்

2018-ல் மக்காச்சோளப் படைப்புழு இந்தியாவுக்குள் நுழைந்தபோது, பெரம்பலூர், அரியலூர் பகுதி விவசாயிகள் பட்டபாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். அதுபோன்ற புதிய பூச்சி வரும்போது, வயலில் இருக்கும் பணியாளர் அனுப்பும் படம்தான் வல்லுநருக்குக் கண். நேரலைக் காணொலியில் புழுவைக் காட்டினால் மங்கலாக அசைவது மட்டுமே தெரியும். தெளிவான இரண்டு புகைப்படங்கள் அதைவிடப் பயன்படும். படைப்புழுவுக்குத் தலையில் தலைகீழான ‘ஒய்’ வடிவக் கோடும், உடலின் பின்பகுதியில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் அடையாளம். அந்தப் புள்ளிகள் தெரியாத படத்தை வைத்து மருந்து சொல்ல முடியாது.

வாட்ஸ்அப் வழக்கமாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். அதிலேயே ‘ஹெச்.டி.’ என்ற தேர்வை அழுத்தியோ, ‘டாக்குமென்ட்’ என்ற வழியிலோ அனுப்பினால் தெளிவு குறையாது. பூச்சியின் படம், பாதிக்கப்பட்ட செடியின் படம், வயல் முழுவதும் தெரியும் படம் என மூன்றும் சேர்ந்து வர வேண்டும். கூடவே பயிரின் வயது, ரகம், கடைசியாக அடித்த மருந்து ஆகியவற்றைக் குரல் பதிவில் சொன்னால் போதும்.

பயனாளிகள் கணக்கு, மகசூல் விவரம் போன்றவற்றை வாட்ஸ்அப் செய்தியாக வாங்கக் கூடாது. மூன்று மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது. கூகுள் படிவத்துக்கு அந்த நேரத்தில் இணையம் வேண்டும். ‘கோபோ டூல்பாக்ஸ்’ என்ற கருவியில், படிவத்தை ஒருமுறை போனில் இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத வயலிலும் நிரப்பலாம். வீட்டுக்கு வந்து இணையம் கிடைத்ததும் அனுப்பலாம். படமும் இருப்பிடக் குறியீடும் சேர்ந்தே பதிவாகும். தொண்டு அமைப்புகளுக்குக் குறிப்பிட்ட அளவு வரை இலவசம். தமிழிலேயே கேள்விகளை அமைக்கலாம்.

ரீசார்ஜ் செலவு யாருடையது?

இலவசச் செயலி என்றாலும் டேட்டா இலவசமல்ல. மதிப்பூதியத்தில் வேலை செய்யும் களப்பணியாளர் தன் கைப்பணத்தில் ரீசார்ஜ் போட்டு அமைப்பின் வேலையைச் செய்வது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. இது நியாயமல்ல. பயணப்படி கொடுப்பது போலவே டேட்டா படியையும் திட்டச் செலவில் ஒரு தலைப்பாகச் சேர்க்க வேண்டும். கூட்டங்கள் குறைவதால் மிச்சமாகும் பஸ் கட்டணத்தில் ஒரு பகுதியே இதற்குப் போதும். நிதி கேட்டு விண்ணப்பம் எழுதும்போதே போன், ரீசார்ஜ், சிறிய ஒலிபெருக்கி ஆகியவற்றைச் சேர்த்து எழுதுவது நல்லது.

கணக்கும் கடவுச்சொல்லும் அமைப்பின் சொத்து

பீரோ சாவியை ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போய், வேலையை விட்டு நின்ற பிறகும் திருப்பித் தராவிட்டால் என்ன ஆகும்? செயலிக் கணக்குகளை ஊழியரின் சொந்த எண்ணில் தொடங்குவதும் அப்படித்தான். அமைப்பின் பெயரில் ஒரு மின்னஞ்சல், ஒரு சிம் கார்டு இருக்க வேண்டும். எல்லாக் கணக்குகளையும் அவற்றில்தான் தொடங்க வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு அட்மின் இருக்க வேண்டும். இரட்டைச் சரிபார்ப்பு வசதியை இயக்கி வைக்க வேண்டும். ஒருவர் பணியிலிருந்து விலகும் நாளிலேயே குழுக்களிலிருந்து நீக்கி, கடவுச்சொற்களை மாற்றிவிட வேண்டும்.

விவசாயிகளின் ஆதார் நகல், வங்கிப் புத்தகப் படம், பட்டா நகல் ஆகியவற்றை வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். நூறு பேர் இருக்கும் குழுவில் போட்ட படம், நூறு போன்களில் தங்கிவிடும். 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவருடைய விவரத்தை அவருடைய சம்மதத்தோடு, சொன்ன காரணத்துக்காக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பதை அடிப்படையாகக் கொண்டது. ‘எதற்காக வாங்குகிறோம்’ என்பதைத் தமிழில் சொல்லி, கையெழுத்து வாங்கி வைப்பது அமைப்புக்கும் பாதுகாப்பு.

இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. ‘பி.எம். கிசான்’ பெயரில் ‘ஏ.பி.கே.’ என்று முடியும் போலிச் செயலிகளை வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பி, போனுக்குள் நுழைந்து வங்கிப் பணத்தைத் திருடும் கும்பல்கள் உலவுகின்றன. குழுவில் தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் இத்தகைய கோப்பைத் திறக்கக் கூடாது. செயலிகளை பிளே ஸ்டோரிலிருந்து மட்டுமே இறக்க வேண்டும். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறார்களோ, பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

கூட்டம் நடத்தும் முறை

முந்தைய நாள் மாலை, பேசப்போகும் பொருள்களை ஒரு நிமிடக் குரல் பதிவாகக் குழுவில் போட வேண்டும். பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் தலைவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கருத்துக் கேட்க வேண்டும். ‘யாருக்காவது ஆட்சேபம் உண்டா?’ என்று பொதுவாகக் கேட்டால், மைக்கைத் திறக்கத் தெரியாதவரின் மௌனமும் சம்மதமாகிவிடும்.

பணம் சம்பந்தமான முடிவுகளை அன்றே உறுதி செய்யாமல், வராதவர்களையும் அழைத்துக் கேட்டு 24 மணி நேரம் கழித்து உறுதி செய்யலாம். தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும். அடுத்த நேரடிக் கூட்டத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். காணொலிப் பதிவு எத்தனை இருந்தாலும், பதிவேடுதான் அமைப்பின் ஆதாரம். பொதுக்குழு, தேர்தல், பெரிய தகராறு ஆகியவற்றை எப்போதும் நேரில் கூடித்தான் தீர்க்க வேண்டும்.

புதிய கருவியைச் சாகுபடி மும்முரமாக இருக்கும் மாதத்தில் தொடங்கக் கூடாது. அறுவடை முடிந்த ஓய்வுக் காலத்தில் ஒரே ஒரு குழுவில் ஒரு மாதம் சோதித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு கூட்டம் முடிந்த மறுநாளும், அலுவலகத்துக்கு மிகத் தொலைவில் இருக்கும் உறுப்பினரை அழைத்து, ‘நேற்று என்ன முடிவாச்சுங்க?’ என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொன்னால் கருவி பொருத்தமானது. ‘கூட்டம் நடந்ததாங்க?’ என்று அவர் திருப்பிக் கேட்டால், வேறு வழி பார்க்க வேண்டும்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் அமைப்பில் 400 விவசாயிகள் இருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழு தொடங்கினால், தேவையில்லாத செய்திகள் வந்து குவிகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: அட்மின் மட்டுமே செய்தி போடும்படி அமைத்து, அறிவிப்புகளுக்கென்று ஒரு குழு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம். கேள்வி கேட்பதற்கு ஊர்வாரியாகச் சிறிய குழுக்கள் இருக்கட்டும். நாளுக்கு இரண்டு செய்திக்கு மேல் அறிவிப்புக் குழுவில் போடாதீர்கள். அப்போதுதான் மழை எச்சரிக்கை வரும்போது திறந்து பார்ப்பார்கள்.

கேள்வி: எல்லா உறுப்பினர்களுக்கும் மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்பலாமா?

பதில்: அனுப்பலாம். ஆனால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி அமைப்பின் பெயர், அனுப்புநர் தலைப்பு, செய்தியின் வார்ப்பு ஆகியவற்றை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பதிவுக்குச் சில நாள்கள் ஆகும் என்பதால், பருவம் தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள். வாசிக்கச் சிரமப்படுபவர்கள் அதிகம் இருந்தால், பதிவு செய்த குரல் அழைப்பே நல்லது.

கேள்வி: எங்களுடையது சங்கமாகப் பதிவு செய்யப்பட்டது. நிர்வாகக் குழுக் கூட்டத்தைக் காணொலியில் நடத்தினால் செல்லுமா?

பதில்: முதலில் உங்கள் சங்கத்தின் துணைவிதிகளைப் பாருங்கள். காணொலிக் கூட்டம் பற்றி எதுவும் இல்லை என்றால், அடுத்த பொதுக்குழுவில் வைத்துத் திருத்தம் செய்து, முறைப்படி பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்வதுதான் பாதுகாப்பானது. கம்பெனிகளைப் பொறுத்தவரை, 2013-ம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், இயக்குநர்கள் காணொலி வழியாகக் கூட்டத்தில் பங்கேற்க வழி செய்கிறது. பங்கேற்பவரை அடையாளம் காணவும், நடவடிக்கைகளைத் தேதி, நேரத்துடன் பதிவு செய்யவும் வசதி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் தங்கள் நிறுவனச் செயலரிடமோ, பட்டயக் கணக்கரிடமோ கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.

கேள்வி: நான் பட்டன் போன்தான் வைத்திருக்கிறேன். அமைப்பின் கூட்டங்களுக்கு என்னை அழைப்பதில்லை. பயிர்ச் சந்தேகத்தை யாரிடம் கேட்பது?

பதில்: கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணுக்குக் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை அழைக்கலாம். தமிழிலேயே பதில் சொல்வார்கள். கூட்டத்துக்கு அழைக்கப்படுவது உறுப்பினராக உங்களுக்கு உள்ள உரிமை. ‘என்னையும் சாதாரண அழைப்பில் சேர்க்க வேண்டும்’ என்று செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, அதை அடுத்த கூட்டத்தின் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.